ஒரே பெயர், இரண்டு வரைவு

"தம்பி, என் கணினியில் இருக்கும் வரைவும் உங்களிடம் இருக்கும் வரைவும் ஏன் ஒன்றாக இல்லை?"

எங்கள் குழுவில் என்னோடு வேலை செய்யும் அக்கா, நாங்கள் மதிப்பாய்வுக்கு வெளியிட்ட தொழில்நுட்பத் தர வரைவைப் பற்றிக் கேட்டது இவ்வளவுதான். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் பள்ளியில் தமிழ் படித்தவர், எப்போதும் புத்தகத் தமிழ்தான் பேசுவார். அதனால் அதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொன்னேன்: "சின்ன எழுத்துப்பிழை அக்கா, சரி பண்ணிட்டேன்."

அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. அது எழுத்துப்பிழை இல்லை. 'ஷுட்' என்றிருந்த இடத்தில் 'மஸ்ட்' போட்டேன். தர ஆவணங்களில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று சொல்லும், 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 படித்தவர்களுக்குத் தெரியும்: மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம். குழு முடிவு செய்தது மஸ்ட். அந்தத் திருத்தம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், வேறொரு பிராஞ்சில் (தனிக் கிளையில்) கிடந்தது. மதிப்பாய்வு பிராஞ்சைப் பிரிக்கும்போது அதைச் சேர்க்க மறந்தவன் நான். வரைவு வெளியாகி 3-ம் நாள்தான் கண்ணில் பட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. இணையத் தரங்களை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் 00 என்ற எண்ணோடு முதல் வரைவு போய்விட்டால், அப்புறம் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் 01தான். ஆனால் எண் மாறினால் எங்கள் 30 நாள் மதிப்பாய்வுக் கெடு மறுபடி முதலிலிருந்து. அக்காவோ காவடி விரதத்துக்காக விடுப்பில். யாரைக் கேட்பது? (கேட்டிருக்கலாம். விரதம் இருப்பவர் போன் எடுக்க மாட்டாரா என்ன.) திருத்தத்தை இணைத்து, வெளியான வரைவைக் குறிக்கும் பெயர்ச்சீட்டான டேக்கை இழுத்துப் புது கமிட்டில் (பதிவில்) வைத்து, பொதுப் பிரதியில் பழையதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஏற்கெனவே இறக்கி வைத்த டேக்கை கிட் தானாக மாற்றாது. டேக்குகளையும் சேர்த்து ஃபெட்ச் செய்தால் (பொதுப் பிரதியிலிருந்து புதியதை இறக்கினால்), மாற்ற மறுத்து ஒரு வரி காட்டும், 2.20 பதிப்பிலிருந்து அப்படித்தான். வரைவு வெளியான அன்றே அக்கா இறக்கி வைத்திருந்தார். விரதம் முடிந்து வந்ததும் அந்த வரியைப் பார்த்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ரூபாய் நோட்டுப் பேச்சை எடுத்தார். 1998-ல் வந்த புது நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்துவிட்டது. மொரீஷியஸ் தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். எனக்கும் தெரிந்த கதைதான். அக்கா சொன்னார்: "எல்லோருக்கும் தெரியும்படி திரும்பப் பெற்றார்கள், தம்பி. இரவோடு இரவாக என் பணப்பைக்குள் கைவிட்டு மாற்றவில்லை."

எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. குழு ஒப்புக்கொள்ளாத உரையை 30 நாள் எல்லோரும் படிக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் நேர்மையா? இப்போதும் இந்தக் கேள்வி நியாயமானது என்றே படுகிறது. ஆனால் அந்த 3 நாளில் இரண்டு பேர் படித்து முடித்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது ஷுட். நான் டேக்கை நகர்த்தியதும் அவர்கள் சம்மதம் மஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களைக் கேட்காமலே.

கடைசியில் மாற்றத்தைக் குறிப்பிட்டு இரண்டாம் வரைவு வெளியிட்டோம். கெடு மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் மஸ்ட் ஏன் சரிவராது என்று நீளமாக எழுதினார். குழுவும் ஏற்றுக்கொண்டது. இறுதி ஆவணத்தில் இருப்பது ஷுட்தான். அப்படியானால் நான் கைவைத்த முதல் உரையே போதுமாக இருந்ததா? இல்லை, அது தற்செயலா? என் பக்கம் பேசுவதற்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று பல நாள் யோசித்தேன். எடுத்துக்கொள்ள முடியவில்லை, முழுக்க விடவும் முடியவில்லை.

இப்போது மதிப்பாய்வு தொடங்கியதும் அந்த பிராஞ்சும் டேக்கும் பூட்டப்படும். பூட்டை அமைத்தவன் நான், திறக்கும் அனுமதியும் என்னிடம்தான். அக்காவின் கணினியில் அந்தப் பழைய டேக் இன்னும் இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று சொல்ல ஒருமுறை வாய் வரை வந்தது. "டீ குடிக்கப் போகலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.