அரிவாள் எடுத்துக் கொடுத்த கதை

கிரிமினல் பக்கம் வர நினைக்கும் ஜூனியர் வக்கீல்கள் 2019-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘வென் தே சீ அஸ்’ தொடரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் தாக்கப்பட்டார். பிடிபட்ட ஐந்து பேரும் 14 முதல் 16 வயதுப் பையன்கள். மணிக்கணக்கில் விசாரித்த பிறகு நான்கு பேர் வீடியோவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டிஎன்ஏ ஒருவரோடும் ஒத்துப்போகவில்லை. இருந்தும் தண்டனை கிடைத்தது. 2002-இல் வேறொருவர் ஒப்புக்கொண்டு, அவருடைய டிஎன்ஏ பொருந்திய பிறகுதான் தீர்ப்பு ரத்தானது. அந்தத் தொடர் தன் முதல் பகுதியை ஸ்டேஷன் விசாரணைக்கே கொடுத்திருக்கிறது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் தொடர்களில் கூண்டில் சாட்சி உடைவதுதான் உச்சக்காட்சி. மதுரை கோர்ட்டில் அன்றாடம் நிற்பவர்களுக்குத் தெரியும், கைதுக்கும், நீதிபதி காவலில் வைக்க உத்தரவிடும் ரிமாண்டுக்கும் நடுவிலுள்ள 24 மணி நேரத்திலேயே பாதி வழக்கு எழுதப்பட்டுவிடுகிறது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்தான் இங்கே செல்லாதே என்பார்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவுப்படி செல்லாதுதான். ஆனால் விதிவிலக்கு சொல்லும் அதே பிரிவின் வரம்புரையில் பழைய சட்டத்தின் 27-வது பிரிவு உயிரோடு இருக்கிறது. “என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள அரிவாளை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்” என்ற ஒரு வரி, அதன் பேரில் பொருள் கிடைத்தால், சாட்சியமாகிவிடும். எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன.

அதனால் பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் மகஜரை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் நேரம். மாட்டுத்தாவணியில் காலை 6 மணிக்குக் கைது, 6.30-க்கு வாக்குமூலம், 7 மணிக்கு உசிலம்பட்டி கண்மாய்க்கரையில் மகஜர் என்று இருந்தால், அந்தத் தூரத்தை ஜீப் எப்படிக் கடந்தது என்று கேட்க வேண்டும். சாட்சிக் கையெழுத்து வி.ஏ.ஓ.வும் தலையாரியும் போட்டிருப்பார்கள்; அவர்களுக்குத் தகவல் போனது எப்போது, யார் மூலம்? பொருள் கிடந்த இடம் யாரும் வந்து போகும் புதரா, பூட்டிய வீடா? அரிவாளின் மொத்த நீளம், பிடியின் நீளம், கறை இருந்த பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறதா? அதில் ஒட்டிய லேபிளில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறதா? கடைசியாக, பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95-இல் கோர்ட் முத்திரை விழுந்த தேதி. கைப்பற்றியதற்கும் கோர்ட்டுக்கு வந்ததற்கும் நடுவில் பல நாள் போயிருந்தால், அத்தனை நாளும் அது யார் கையில் இருந்தது என்பதற்கு விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பிஎன்எஸ்எஸ்ஸின் 105-வது பிரிவு, கைப்பற்றுவதை வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பதிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும்போது கேமரா ஓட ஆரம்பித்திருந்தால், கண்டெடுத்த நிமிடத்துக்குச் சாட்சியே இல்லை.

அடுத்தது ரிமாண்ட். முதல் முறை ஆஜர்படுத்தும்போது நேரில்தான் கொண்டுவர வேண்டும். காணொலியெல்லாம் அதற்குப் பிறகுதான். காயம் இருந்தால் நீதிபதியிடம் வாயால் சொன்னால் போதாது. எந்தக் கை, எந்த விரல் என்று மெமோ போட்டு, ரிமாண்ட் உத்தரவில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது அழைத்து வந்த காவலரே பக்கத்தில் நின்றால் எவன் வாயைத் திறப்பான்? அன்றைக்கு ஏட்டில் ஏறாத காயம் பிறகு “பாத்ரூமில் வழுக்கி விழுந்தது” ஆகிவிடும்.

சிசிடிவியை நினைத்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த வழக்கில், ஸ்டேஷன் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். இத்தனைக்கும் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த உத்தரவு இருக்கிறது என்ற தைரியத்தில் சும்மா இருந்துவிடக் கூடாது. பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை ரிமாண்ட் அன்றைக்கே போட வேண்டும். வாசல், லாக்கப், ரைட்டர் அறை, பின்வாசல் என்று எந்தெந்தக் கேமரா, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுதுங்கள். நகலோடு, மின்னணுப் பதிவுக்குச் சாட்சிய அதினியம் கேட்கும் 63(4) சான்றிதழின் அ, ஆ இரண்டு பகுதிகளையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் வரும் பென்டிரைவை விசாரணையில் சான்றாவணமாகக் குறியீடு செய்யவே முடியாது.