குனோங் இராவ்: சேற்றுக்கும் குளிருக்கும் என்ன உடுத்துவது?

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் ஊரிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி ஏறும் குறுகலான சாலை, பாசிக்காட்டில் கொண்டுபோய் விடும். பலகைப் பாதை வரைக்கும் சுகமான நடைதான். பலகை முடிந்து குனோங் இராவ் மலைக்கு ஏறும் பாதை தொடங்கியதும் சேறு. உச்சி 2,110 மீட்டர். போய்வர 5, 6 மணி நேரம். வனத்துறை பெர்மிட் வேண்டும். பாதை அவ்வப்போது மூடப்படும், முதலில் கேட்டுவிடுங்கள்.

இது வயல் சேறு அல்ல. குளிரிலும் ஈரத்திலும் இலையும் பாசியும் சரியாக மக்காமல் சேர்ந்துபோன கருமண். பஞ்சு போல மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். வேர்களுக்கு நடுவே குழிகளில் இலைகள் மிதக்கும், பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும், சில இடங்களில் தொடை வரை. ஒவ்வொரு குழியையும் கம்பால் குத்திப் பாருங்கள். 'டொக்'கென்று தட்டினால் வேர். அங்கே உள்ளங்காலின் நடுப்பகுதி படும்படி குறுக்காக மிதியுங்கள். வேரின் நீளவாக்கில் மிதித்தால் வழுக்கிவிடும்.

கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அடியில் காற்றோ தண்ணீரோ புக வழியில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். சப்பாத்து உள்ளேயே தங்கிவிடும். பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டி இடைவெளி உண்டாக்குங்கள். பிறகு ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை முதலில் மெல்ல உயர்த்துங்கள்.

காலுக்கு, ரப்பர் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்'தான் எங்கள் தேர்வு. தண்ணீரை உறிஞ்சாது, வேரில் பிடிப்பும் கிடைக்கும். உயரமான பூட்ஸில் சேறு நிறைந்துவிட்டால் ஒவ்வொரு காலும் கல்லாகக் கனக்கும்.

இனி குளிர். கோலாலம்பூரில் 32 பாகை என்றால் உச்சியில் சுமார் 18 இருக்கும். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்தி பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, மேலே காற்றும் அடித்தால் பல் கிட்டிவிடும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் சட்டை, மழை வந்தால் மேலே மழைச்சட்டை. கம்பளி போன்ற ஃபிளீஸ் சட்டையை ஏறும்போது போடாதீர்கள், வியர்வையிலேயே நனைந்துவிடும். இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, உச்சியில் நின்றதும் உடம்பு சூடாக இருக்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்த பிறகு விரலால் ஜிப்பைப் பிடிப்பதே பாடு.

மாற்றுத்துணியும் துண்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.