அத்தையின் தவக்காலம், என்னுடைய லெந்து

2025 மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன். அத்தையின் (என் மாமியார்) வழக்கில் திருநீற்றுப் புதன். நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), வாழ்க்கைப்பட்டது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டில். கல்யாணமாகிப் 16 வருஷம் ஆகியும் இந்த வீட்டில் ஒரே நாளுக்கு இரண்டு பெயர் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் அவருக்குத் தவக்காலம், எனக்கு லெந்து. அவருக்குப் பூசை, எனக்கு ஆராதனை. அவருக்கு ஃபாதர், எனக்கு ஐயர். (பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் போதகரை ஐயர் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு முழிப்பதைப் பார்க்க வேண்டுமே.)

அத்தை கோயிலுக்குப் போக முடியாது. பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து மூட்டில் பாதியை மாற்றி வைத்திருக்கிறார்கள். சம்மணம் போடக்கூடாது, கால்மேல் கால் கூடாது, தாழ்வான நாற்காலி கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை இருக்க வேண்டும். 75 வயதிலும் தினமும் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னவர். டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "முழங்கால் போடலாமா?" என்பதுதான்.

சாயங்காலம் ஃபாதர் வீட்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் பூசினார். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். பங்குக் கோயிலிலிருந்து பழைய ஓலைகளை வாங்க வந்தபோது அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். கதவு நிலையில் சொருகியிருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான் வளர்ந்த சபையில் சாம்பல் பூசுகிற வழக்கம் இல்லை. ஓரமாக நின்றுகொண்டேன். ராத்திரி தலையணை உறையில் சாம்பல் கறை. அதையும் நான்தான் துவைக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. லெந்தின் முதல் நாளே இப்படி.

மார்ச் 9, ஞாயிறு

அத்தைக்குக் கண்ணில் புரை இருப்பதால் ராத்திரி வேதம் வாசிப்பது என் வேலை. அவருடைய பைபிளான திருவிவிலியம் மேல் தட்டில் இருந்தது. சோம்பல்பட்டு எங்கள் சபையில் வாசிக்கிற பழைய திருப்புதல் பைபிளையே எடுத்து 1 கொரிந்தியர் 13 வாசித்தேன். "இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று முடிக்கப் போகும்போது அத்தை நிறுத்தினார்.

"நம்பிக்கை முதல்லலா வரும்?"

ஸ்டூல் போட்டு ஏறி அவர் புத்தகத்தை எடுத்தேன். அவர் சொன்னதுதான் சரி. "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கிறது. எனக்கு இரண்டாவதாக வருகிற சொல் அவருக்கு முதலாவது. எங்கள் கோயிலில் நம்பிக்கை என்றால் இனிமேல் வரவிருப்பதற்குக் காத்திருப்பது. அவர்கள் கோயிலில் நம்பிக்கை என்றால் கடவுளை இப்போதே பிடித்துக்கொண்டிருப்பது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் 16 வருஷமாக வெவ்வேறு பொருளில் ஜெபம் செய்திருக்கிறோம். "சின்ன வயசுல நாங்களும் விசுவாசம்னுதான் சொல்லுவோம்" என்றார் அத்தை. 1995-இல் திருவிவிலியம் வந்தபோது அவர் நாற்பதுகளில் இருந்திருப்பார். அந்த வயதில் மனப்பாடத்தை மாற்றிக்கொள்வது லேசு இல்லை.

எதிர்நோக்கு என்ற சொல்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. வீட்டில் யாரும் பேசாத, புத்தக வாடை அடிக்கிற சொல். நம்பிக்கையை முதல் இடத்துக்குக் கொடுத்துவிட்டதால் காலியான இடத்துக்கு எதையோ தேடிப் பிடித்துப் போட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் அவர்களுக்கு யூபிலி, அதாவது புனித ஆண்டு. கருப்பொருள் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்". இதற்கு என்ன அர்த்தம் என்று அத்தையிடமே கேட்டேன்.

"எதுத்தாப்ல நோக்கிக்கிட்டு இருக்கது. வாசலப் பாத்துக்கிட்டு."

எனக்கு அதற்குமேல் கேட்கப் பிடிக்கவில்லை. அவர் எந்த வாசலைச் சொல்கிறார் என்று தெரியும். கொழுந்தனார் 2021 ஜனவரியில் வீட்டுப் பங்கு விஷயமாகச் சத்தம் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனவர். அதற்குப் பிறகு வரவும் இல்லை, போனும் இல்லை. ஆபரேஷனுக்கு என் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார். இரண்டு நீல டிக் மட்டும் வந்தது. ராத்திரி கடைசி சென்னை பஸ் வந்து சேரும் நேரம் தாண்டுகிறவரை கேட்டைப் பூட்டவிடமாட்டார் அத்தை. நாலு வருஷமாக இதே கதை.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாகத் தியானிக்கிற ஜெபம். அத்தை கட்டிலிலேயே, மகள் சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 14 நிலைகளும் வாசித்தாள். ஆறாம் நிலையில் வெரோணிக்காள் இயேசுவின் முகத்தைத் துடைக்கிறாள். "ஆச்சி, இது எங்க பைபிள்ல இல்லையே" என்றாள் மகள், அம்மாவின் பெண். "ஒங்க பைபிள்ல இல்லன்னா என்ன, முகம் தொடைக்கது நல்ல காரியம்தான" என்றார் அத்தை. வேதாகமத் தர்க்கம் அத்தோடு முடிந்தது.

எனக்கு மனசில் நின்றது ஐந்தாம் நிலைதான். சிரேனே ஊரானாகிய சீமோன். அவன் விரும்பிப் போய்ச் சிலுவையைத் தூக்கவில்லை. வழியில் வந்தவனைப் பிடித்து "பலவந்தம்பண்ணினார்கள்" என்றே மத்தேயு எழுதியிருக்கிறார். தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவன். அன்றைக்கு அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எந்தப் படத்திலும் யாரும் சரியாக வரைந்ததில்லை என்று நினைக்கிறேன். எல்லாப் படத்திலும் சாந்தமாகவே இருக்கிறான்.

மார்ச் 22, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம். இப்போது வாக்கர் பிடித்து நாலைந்து எட்டு வைக்கிறார் என்றாலும் ராத்திரி எல்லாம் கட்டிலில்தான். நேற்று ராத்திரி மூன்று தடவை எழுந்தேன். காலையில் டயாபர் மாற்றிப் புதுத் துணி விரித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் பேச்சை மாற்றுவதற்காக, "சின்னவன் இருந்தா தூக்கிக்கிட்டே போயிருவான்" என்றார்.

"அப்ப சின்னவரையே வந்து கழுவச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அத்தை மெதுவாகச் சொன்னார்: "என்னயச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வையி."

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொள்வதற்கும் அவருக்கு என் கை வேண்டியிருந்தது. தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் திருப்பினேன். காலுக்கு நடுவில் தலையணையைச் சரியாக வைத்தேன். கையைத் தட்டிவிடவில்லை அவர்.

"அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். எவர்சில்வர் டம்ளர். இன்னும் அடுக்களையில் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலையில் காபி கொண்டுபோனேன். "சீனி கம்மி" என்றார். சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாக்கரில் 11 எட்டு. பிசியோ தம்பி கைதட்டினான்.

அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக டப்பாவில் போடுவது என் அம்மா வீட்டுப் பழக்கம். கைப்பிடி அரிசி என்போம். திருநெல்வேலிப் பக்கத்து சபைகளில் பழைய வழக்கம். உலையில் போடுவதற்கு முன் சோற்றுக்கு எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி கோயிலுக்கு. காசு இல்லாத வீட்டுப் பெண்களும் காணிக்கை கொடுக்க அது ஒரு வழி. இன்று டப்பா நிறைந்து கோயிலுக்குக் கொண்டுபோகும்போது பார்த்தால் வழக்கத்தைவிடக் கனம். இந்த இரண்டு மாதமும் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிடியாகப் போட்டிருக்கிறேன் போல. ஆவிக்குரிய விளக்கம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

என் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து ஒரு கட்டுக் குருத்தோலை கொண்டுவந்தார். அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சிலுவை முடைந்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிகிறது. ஓலையை மடித்து, உள்ளே விட்டு, இழுத்து, நகத்தால் அழுத்தி. நாலு செய்தார், ஆளுக்கு ஒன்று. அப்புறம் ஐந்தாவதாக இன்னொன்று.

"அந்தத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால வச்சிரு."

படத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கினேன். பின்னால் ஏற்கெனவே நாலு ஓலைச் சிலுவைகள் இருந்தன. பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிற மாதிரி. வருஷத்துக்கு ஒன்று. சாம்பலுக்குக் கொடுக்க வேண்டியவை. மற்றவர்களுடைய ஓலை எல்லாம் வருஷாவருஷம் எரிந்து நெற்றியில் ஏறிக்கொண்டிருக்க, சின்னவருடையதை மட்டும் எரிக்கவிடாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

"இதையெல்லாம் கோயில்ல குடுக்கணும்லா அத்தை" என்றேன், தெரிந்தும்.

"அவன் வந்து அவன் கையாலக் குடுக்கட்டும்."

புதியதையும் உள்ளே வைத்துப் படத்தை நேராக்கினேன். எனக்குக் கொழுந்தனார்மேல் இருந்த கோபம் இதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. அத்தை கைபேசியில் பார்த்தார். ஃபாதர் 12 பேருக்குத் தண்ணீர் ஊற்றித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒரு காலுதான் கழுவுதாரு. நீ முழுசாலா கழுவுத" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது அவருக்கு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். ஐந்தாவதில், "தாகமாயிருக்கிறேன்" என்பதில், தூங்கிவிட்டேன். பக்கத்து அக்கா முழங்கையால் இடித்தார். வீட்டில் கஞ்சியும் துவையலும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அதிகாலை ஆராதனைக்கு மகளோடு போனேன். இருட்டில் ஊசிக்கோபுரம் தெரிகிற தெருவில் வெள்ளைப் புடவைகள். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-இல் கட்டிய கோயில். எத்தனை பேருடைய ஈஸ்டர் அதிகாலைகளைப் பார்த்திருக்கும். திரும்பி வந்து ஆட்டுக்கறிக் குழம்பு. அத்தை எலும்பைக் கடித்தார். பகல் முழுக்கக் கைபேசி அவர் மடியில். சாயங்காலம் மகளிடம் கொடுத்து, "இது சத்தம் வருதான்னு பாரு" என்றார். மகள் என் கைபேசியிலிருந்து அடித்துக் காட்டினாள். சத்தம் நன்றாகவே வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் செய்தி வந்தது, போப் பிரான்சிஸ் காலமாகிவிட்டார் என்று. வயது 88. நேற்றுத்தான் மாடத்தில் வந்து ஈஸ்டர் ஆசீர்வாதம் கொடுத்ததை டிவியில் பார்த்து அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். இன்று பேசவே இல்லை. கண்ணீர் மட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஜெபம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் முறையில் இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை. அவர் "அருள் நிறைந்த மரியே" ஆரம்பித்தார். பாதியை அவர் சொல்ல, மீதிப் பாதியை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். 16 வருஷத்தில் காதில் விழுந்தே மனப்பாடம் ஆகியிருக்கிறது.

மூன்றரை மணிக்கு என் வீட்டுக்காரருக்குப் போன். கொழுந்தனார். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா? சாப்பிட்டாளா? பாத்துச் சொல்லுங்க, பதறிருவா" என்று மட்டும். இடுப்பு ஒடிந்ததற்கு வராத போன், போப் இறந்ததற்கு வருகிறது. இதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் தரட்டுமா என்று இவர் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அத்தையிடம் சொன்னோம். "ம்" என்றார். அப்புறம் சோறு போடச் சொன்னார்.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் ஒன்றரைக்கு ரோமில் அடக்க ஆராதனை தொடங்கியது. டிவி ஹாலில். அத்தை கட்டிலிலிருந்து ஹாலுக்கு வாக்கரில் தானே வந்தார். நான் பின்னால், தொடாமல், கையை மட்டும் நீட்டிக்கொண்டு. 23 எட்டு. மகள் எண்ணினாள்.

போப்பை வத்திக்கானில் அல்ல, புனித மரியா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். எளிய கல்லறை, மேலே பெயர் மட்டும். ஆகஸ்டில் பனி பெய்ததாகச் சொல்லும் கதை அந்தக் கோயிலைப் பற்றியதுதான். பனிமய மாதா என்ற பெயரே அங்கிருந்துதான் வருகிறது. அத்தை பிறந்தது பனிமய மாதா கோயில் இருக்கிற தூத்துக்குடி. "நம்ம மாதா கோயில்லலா வச்சிருக்காவ" என்று மூன்று தடவை சொன்னார். நாலாம் தடவை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி.

ராத்திரி ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டச் சாவியோடு போனேன். சென்னை பஸ் நேரம் தாண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை தூங்கிவிட்டிருந்தார், வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. அந்தப் பக்கமாக அவரைத் திருப்பிப் படுக்க வைத்தது நான்தான். கொஞ்ச நேரம் நின்றேன். கொசு கடித்தது. பத்து மணி வரை இருக்கட்டும் என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.