கச்சான் வெயிலும் கசியும் வேப் தாங்கியும்

திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து, வேப் (மின்சிகரெட்) கருவியில் திரவம் நிரப்பும் கலமான தாங்கி கசிகிறது என்று என்னிடம் வரும் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் உடனே புதுக் கொயில், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள், வாங்கிவிடுகிறார்கள். அது வீண் செலவு. வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் கிடக்கும் தாங்கியில் திரவம் இளகுகிறது, மேலே அடைபட்ட காற்றும் விரிந்து அத்திரவத்தை, அதை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சின் ஊடாகக் கொயிலுக்குள் தள்ளுகிறது. இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்டு நாக்கில் சூடான துளி தெறிப்பது அதனால்தான்.

நேற்று உப்புவெளியில் ஒரு தம்பியின் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். கொயிலின் அடியில் இருந்த றப்பர் வளையம் ஓரிடத்தில் மயிரிழை அளவு வெட்டுண்டிருந்தது. வளையத்தை மாற்றி, கொயிலை மெல்லிய கடதாசியில் சுற்றி உதறி, நடுக்குழாயையும் துடைத்துப் பூட்டியதும் கசிவு நின்றுவிட்டது.

கொயிலில் பொறித்திருக்கும் வோட் (மின்வலு) அளவுக்குக் கீழே வைத்துப் பாவித்தாலும் திரவம் முழுதாக ஆவியாகாமல் தேங்கும், 0.15 ஓம் போன்ற குறைந்த தடையுள்ள கொயில்களில் இது மிக விரைவில் தெரியும். மேலிருந்து நிரப்பும்போது காற்றுத் துளையை மூடி வைத்து, மூடியைப் பூட்டிய பிறகே அத்துளையைத் திறவுங்கள். கசிந்த திரவத்தில் நிக்கொட்டின் இருந்தால் அது தோலினூடாகவும் உடலில் சேரும் என்பதால், கையை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.