“நல்லாத்தான் பார்த்தாங்க”: நோயாளியின் அனுபவத்தைக் கேட்டறிவது எப்படி

மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவரிடம் “சிகிச்சை திருப்தியா?” என்று கேட்டால், “திருப்திதான்” என்று சொல்லிவிட்டுப் போவார். மருத்துவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாலும் அதே பதில்தான் வரும். முதல்நிலை மருத்துவத்தில், அதாவது உடம்பு சரியில்லை என்றதும் மக்கள் முதலில் போகிற இடத்தில், நோயாளிகளின் அனுபவத்தை ஆராய வருகிறவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. திருப்தி வேறு, அனுபவம் வேறு.

மனநல சேவையைப் பயன்படுத்தியவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, 1998-ல் வெளியானது, இதன் காரணத்தை நன்றாகக் காட்டியது. மோசமாக நடத்தப்பட்டவர்கள்கூட மதிப்பெண் போடும்போது இரண்டு விஷயங்களை மனதுக்குள் எடைபோடுகிறார்கள். அதைச் செய்வது மருத்துவமனைக்காரர்களின் கடமையா? கடமைதான் என்றாலும், செய்யாமல் போனது அவர்களுடைய தவறா? “கூட்டம் அதிகம், அவங்க என்ன பண்ணுவாங்க” என்று மன்னித்துவிட்டால் மதிப்பெண் ஏறிவிடும். பட்ட கஷ்டம் தாளில் பதிவாகாது.

அதனால் கருத்தைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள். “சொல்ல வந்ததை முழுசா சொல்ல முடிஞ்சதா?” “இந்த மாத்திரை எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?” “உடம்பு இன்னும் மோசமானா என்ன செய்யணும்னு சொன்னாங்களா?” பதில்களும் ‘முழுமையாக, ஓரளவு, இல்லை, எனக்குப் பொருந்தாது’ என்று இருந்தால் போதும். ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரை ஐந்து படிகள் வைத்தால் எல்லோரும் மேல் இரண்டு படிகளில் போய் நிற்பார்கள். நல்ல மருத்துவமனைக்கும் சுமாரானதற்கும் வித்தியாசமே தெரியாது. ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். “டாக்டரும் நர்சும் மரியாதையா நடந்தாங்களா?” என்றால், ஒருவர் மட்டும் எரிந்து விழுந்திருக்கும்போது நோயாளி எதைச் சொல்வார்?

கேள்வித்தாளைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் எட்டுப் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். பதிலை மட்டும் வாங்காமல், “இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். “டாக்டர் உங்களைப் பரிசோதித்தாரா?” என்பது எழுதியவருக்குத் தெளிவான கேள்வி. ஆனால் பரிசோதனை என்றதும் ரத்த டெஸ்ட், சிறுநீர் டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டு “இல்லை” என்பவர்கள் உண்டு. “டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்தாரா?” என்று மாற்றினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கே, எப்போது கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். மருத்துவமனைக்குள் கேட்டால், அடுத்த முறை இங்கேதானே வர வேண்டும் என்ற பயம் பேசும். கேள்வி கேட்கும் களப்பணியாளர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் அந்தப் பயம் இன்னும் கூடும். வந்து போன மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், வீட்டிலோ அவர் சொல்லும் வேறு இடத்திலோ பேசுவது நல்லது. அதற்கு மேல் தள்ளிப்போனால், போன தடவை நடந்ததும் அதற்கு முந்தின தடவை நடந்ததும் கலந்துவிடும். வயதானவர் பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்து பதில் சொன்னால், யார் சொன்ன பதில் என்று குறித்து வையுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களை மட்டும் கேட்பது இன்னொரு பெரிய ஓட்டை. வரிசையில் நின்று அலுத்துப்போய்த் திரும்பியவரும், இனி அங்கே போவதில்லை என்று முடிவெடுத்தவரும் கணக்கிலேயே வரமாட்டார்கள். மிக மோசமான அனுபவம் அவர்களிடம்தான் இருக்கும். வீடு வீடாகவோ பதிவேட்டிலிருந்தோ ஆட்களைத் தேர்ந்தெடுத்தால்தான் அவர்கள் கிடைப்பார்கள்.

கேள்வித்தாள் இல்லாமல் மனம்விட்டுப் பேசவைக்கும் நேர்காணல் என்றால், அதற்கு நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். “அன்னைக்கு வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து சொல்லுங்கம்மா” என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் முக்கியம். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகள் பேசியது சராசரியாக 92 வினாடிதான். 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இதை மேற்கோள் காட்டுகிற ஆய்வாளர்களே நேர்காணலில் அதே தவறைச் செய்கிறார்கள். உங்கள் முதல் பதிவைக் கடிகாரத்தோடு கேட்டுப் பாருங்கள்.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்? பன்னிரண்டு என்ற எண் 2006-ல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு மந்திரம்போல ஆகிவிட்டது. அது ஒரே மாதிரியான ஆட்களிடம், குறுகிய ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது பொருந்தும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளையும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் என்றால், இரு தரப்பைப் பற்றியும் அரைகுறையாகத்தான் தெரியும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அந்த வேலையைத்தான் அவசரமாக முடிக்கிறார்கள், அங்கேதான் அதிகம் தொலைகிறது. “நல்லா பார்த்தாங்க” என்பது பாராட்டு. “நல்லாத்தான் பார்த்தாங்க” என்பதற்குப் பின்னால் ஓர் ‘ஆனா’ காத்திருக்கிறது. “பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க” என்பதும் “அனுப்பிவிட்டுட்டாங்க” என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கைகழுவிய தொனி இருக்கலாம். உடனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பின் மேல் குறியிட்டால் (ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று பெயரிட்டு வகைப்படுத்தினால்) இவையெல்லாம் தட்டையாகிவிடும். தமிழிலேயே பகுத்து, கட்டுரையில் மேற்கோளாக வரும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்ப்பதே சரி. நேர்காணலின்போதே அந்தத் ‘தான்’ காதில் விழுந்தால், “நல்லாத்தான்னு சொன்னீங்களே...” என்று இழுத்து நிறுத்துங்கள். மீதியை அவர் சொல்வார்.

தவறாமல் கேட்க வேண்டிய ஒன்று: “போன தடவை பார்த்த அதே டாக்டரா?” ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் இறப்பு விகிதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 22 ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, 18-ல் இறப்பு குறைவாக இருந்தது. நோயாளி அனுபவம் என்பது வெறும் மனக்குறைப் பட்டியல் என்று ஒதுக்குகிறவர்களிடம் இதைக் காட்டலாம்.

முடிக்கும்போது “வேற ஒன்னும் இல்லையே?” என்று கேட்காதீர்கள், “இல்லை” என்ற பதிலை அந்தக் கேள்வியே வாயில் ஊட்டிவிடுகிறது. “வேற என்ன சொல்லணும்னு நினைச்சிருந்தீங்க?” என்று கேளுங்கள். ரெக்கார்டரை அணைத்து, நன்றி சொல்லி எழுந்த பிறகும் வாசல்வரை வந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். பல நேரம் சொல்ல வந்ததே அதுதான். அதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று அங்கேயே இன்னொரு முறை அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.