எண்ணூர் சுழிகளும் பத்து மடங்கு ஆழமும்

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில், கடல்நீர் உள்ளே ஏறும்போது சுழிகள் எங்கே உருவாகின்றன என்று படமாகக் காட்ட வேண்டும். எம்.டெக் ப்ராஜெக்ட். சிமுலேஷனை வேறொரு இடத்தில் ஏற்கெனவே ஓட்டி வைத்திருந்தார்கள். கோப்பை வாங்கி, சிமுலேஷன் தரவைப் படமாக்கும் மென்பொருளான பாராவியூவில் திறந்தால் போதும் என்றார்கள்.

வாங்கினால்தானே! கோப்பு கேட்டு காலேஜ் கடிதத்தோடு அங்கே போனால், சீட்டில் இருந்தவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "ஹெச்ஓடி சீல் எங்க தம்பி?" கையெழுத்து இருக்கு சார் என்றேன். "கையெழுத்து யார் வேணா போடலாம்." அன்று முழுக்க எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். அந்தப் பக்கம் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடியுங்கள். சீலையும் மறக்காதீர்கள்.

கோப்பு வந்த பிறகு ஸ்ட்ரீம்லைன்கள், அதாவது நீரோட்டம் போகும் பாதையைக் காட்டும் கோடுகள், பாதியில் அறுந்தன. அவற்றை வரையும் ஸ்ட்ரீம் டிரேசரில் அதிகபட்ச நீளத்தைக் கூட்டியதும் சரியாகிவிட்டது.

உண்மையான தலைவலி, சுழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும் க்யூ-கிரைட்டீரியன் என்ற அளவில் வந்தது. நீரின் சுழற்சி, அது இழுபட்டு உருமாறுவதை மிஞ்சும் இடத்தில் க்யூ நேர்க்குறியாக வரும். ஆனால் தரையை ஒட்டிப் படுக்கைவாக்கில் இருக்க வேண்டிய சுழிகளைக் காணவே காணோம். வேகம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் கிரேடியன்ட் ஃபில்டரில் டைவர்ஜென்ஸையும் (ஓரிடத்தில் ஓட்டம் எவ்வளவு விரிகிறது என்ற அளவு) டிக் செய்து பார்த்தேன். நீர் ஓட்டத்தில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இதில் எங்கெங்கோ போயிருந்தது. அப்புறம் ரூலரை வைத்து ஆழத்தை அளந்தேன். இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் உப்பங்கழியில், கோப்பின்படி ஒரு கட்டடமே முழுகும்!

போன் செய்தால், "அதுவா, படத்துல நல்லா தெரியணும்னு இசட்டைப் பத்தால பெருக்கி வெச்சோம்" என்கிறார் சிமுலேஷன் ஓட்டியவர்களில் ஒருவர், சாவகாசமாக. இசட் என்றால் ஆழத்தின் திசை. ஆழம் பத்து மடங்கானால் செங்குத்துத் திசையில் வேகம் மாறும் வீதமெல்லாம் பத்தில் ஒன்றாகிவிடும். க்யூ எப்படி உருப்படும்? டிரான்ஸ்ஃபார்ம் ஃபில்டரில் இசட்டை 0.1 ஆக்கி, அதற்குப் பிறகு கிரேடியன்ட் போட்டேன். தரைச் சுழிகள் வந்துவிட்டன. படத்துக்காக ஆழத்தை நீட்ட வேண்டுமென்றால் டிஸ்ப்ளேயில் உள்ள ஸ்கேலை மாற்றுங்கள், அது தரவைத் தொடாது.

இன்னொன்று: க்யூவை எந்த மதிப்பில் வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துச் சுழிகளின் எண்ணிக்கையே மாறும். மதிப்பைப் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். ரிவ்யூவில் முதலில் கேட்டதே அதைத்தான். எழுதி வைத்திருந்ததால் அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.