மூச்சு வாங்குகிறதா?

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ் டிராயரில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மளிகைக்கடையில் பற்று எழுத வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சிவப்பு அட்டை போட்டது. இடது பக்கம் நாங்கள் ஆடிப்பார்த்த ராணுவ வீடியோ கேம்கள். வலது பக்கம் செய்துபார்த்த வீட்டு உடற்பயிற்சி வழிகாட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் மார்க் போடுவோம்: என் மகன், நான், என் அப்பா. மகனுக்கு 16 வயது, அப்பாவுக்கு 74.

இரண்டுக்கும் எதற்கு ஒரே நோட்டு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். போன மே மாதம்தான் காரணம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மகன் வீட்டில் இருந்தான். பகலெல்லாம் போனில் துப்பாக்கிச் சண்டை. சாயங்காலம் ஒரு வீடியோ. பச்சைப் புள்ளி பேண்ட் போட்ட ஒருவர், முப்பதே நாளில் கமாண்டோ உடம்பு என்று கத்துவார். முதல் நாளே 100 பர்ப்பி (குந்தி, கை ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, மறுபடி எழுவது), 100 சிட்-அப், 100 தண்டால். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டான். மறுநாளும் செய்தான். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, திரும்பிப் படுக்கக்கூட என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. தசைப்பிடிப்புதான், பத்து நாள் ஓய்வு என்றார் டாக்டர். அந்த வீடியோவை நான் முழுதாக இரண்டு முறை பார்த்தேன். யார் இதைச் செய்யக்கூடாது, எங்கே ஆரம்பிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அப்பா ஈஸி சேரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் இருக்கும் வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். "இவன் எந்த உஸ்தாத்துகிட்ட கத்துக்கிட்டான் பாப்பா?" என்று கேட்டார். பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றும், புதிதாகச் சேர்ந்தவனை ரங்ரூட் என்றும்தான் அவர்கள் பட்டாளத்தில் சொல்வார்கள். "எங்க உஸ்தாத் அடிப்பாரு, திட்டுவாரு. ஆனா புது ரங்ரூட்டோட மூச்சைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. மூச்சு வாங்குற விதம் மாறுச்சுன்னா தனியா நிறுத்திடுவாரு. இவன் யாரோட மூச்சையும் பாக்கல."

அது எனக்குள் ஒட்டிக்கொண்டது. மகன் ஆடும் விளையாட்டிலும் அதேதான் குறை என்று அன்று ராத்திரி தோன்றியது. அதில் ஓடுகிற எந்தச் சிப்பாய்க்கும் மூச்சு வாங்குவதில்லை.

எனக்குத் துப்பாக்கி கேம்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. 2001-ல் ஆலந்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஐ.ஜி.ஐ. ஆடியவள் நான். நார்வேக்காரர்கள் செய்து 2000-ல் வெளியிட்ட விளையாட்டு அது. ஒரு கட்டத்துக்கு நடுவில் சேவ் செய்து வைக்க முடியாது. கடைசி வேலி தாண்டும்போது குண்டு பட்டால் முதலிலிருந்து வர வேண்டும். அதனாலேயே ஒவ்வொரு மூலையிலும் நின்று, எட்டிப் பார்த்து, பயந்து பயந்து போவோம். உயிர் ஒன்றுதான் என்கிற எண்ணம் கையில் இருந்தது. அதற்கு நான் இன்றும் பத்துக்கு ஏழு போடுவேன்.

2005-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி 2-ல் அது மாறிவிட்டது. அதற்கு முன் அந்தத் தொடரில் அடிபட்டால் மருந்துப் பெட்டியைத் தேடிப் போக வேண்டும். இதில் ஒரு சுவருக்குப் பின்னால் சில விநாடி ஒதுங்கினால் போதும், திரையின் சிவப்பு வடிந்து உடம்பு தானாகவே சரியாகிவிடும். ஆட்டம் தடைப்படாமல் ஓடும் என்பது உண்மை. பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு அது ஒப்பவில்லை. குண்டுக்காயம் என்பது நிழலில் ஒதுங்கி நின்றால் ஆறுகிற வெயில் களைப்பு மாதிரி ஆகிவிடுகிறது. மகன் போனில் ஆடுகிற பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி கேமில் கட்டுப் போடவாவது சில விநாடி ஆகிறது, அந்த நேரத்தில் ஓட முடியாது. அந்த மட்டுக்கும் சரி. மூன்று மார்க்.

அப்புறம் ஆர்மா 3. செக் நாட்டு நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. மகனுடைய பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திக்கித்தான் ஓடும். அவன் ஒரு மலைச்சரிவில் முதுகுச் சுமையோடு ஓடிப்போய், மேலே குப்புறப் படுத்து, துப்பாக்கியைக் குறி வைத்தான். குறி நிற்கவில்லை. முனை மேலும் கீழும் ஆடுகிறது. ஸ்பீக்கரில் புஸ் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். "லேக் ஆகுதும்மா, கம்ப்யூட்டர் திக்குது" என்றான். அப்பா ஈஸி சேரிலிருந்து முன்னால் சாய்ந்தார். "லேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. அவனுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் படுத்திருக்கட்டும் விடு. பாதி மூச்சை விட்டுட்டு, நிறுத்தி, அப்ப அமுக்கு." மகன் காத்திருந்தான். மூச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. முனை நின்றது. அப்பா தன் மார்பில் கை வைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தைப் பற்றி நாங்களாகக் கேட்டால் ஒழிய எதுவும் சொல்லாதவர், அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். முதுகுச் சுமையின் வார் தோளில் எங்கே அறுக்கும் என்பதை என் தோளில் விரல் வைத்துக் காட்டினார்.

அதே விளையாட்டுக்கு 2017-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவோடு சேர்ந்து ஒரு கூடுதல் பகுதி வெளியிட்டார்கள். போர்ச் சட்டங்கள் பற்றியது. அதில் முக்கியப் பாத்திரம் சிப்பாய் கிடையாது. சண்டை ஓய்ந்த ஊரில், வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளை அகற்றப் போன தொண்டு நிறுவன ஊழியர். எல்லோரும் போன பிறகு அந்த மண்ணில் யார் கால் வைக்கப்போகிறார்கள் என்பதை நடந்து நடந்து பார்க்க வைக்கிறது. அப்பா இதற்கு ஒன்பது போட்டார். நோட்டில் அவர் ஒன்பது போட்டது அதற்கு மட்டும்தான்.

எங்கள் வீடு பரங்கிமலை பட் ரோடு பக்கம். காலையில் காற்று சரியாக அடித்தால் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் போடும் டிரில் சத்தம் மாடிக்குக் கேட்கும். 1992-ல் அங்கே முதன்முதலாகப் பெண்கள் பயிற்சிக்கு வந்தபோது எனக்கு 11 வயது. அப்பா சைக்கிளில் என்னைக் கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டினார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நந்தம்பாக்கத்தில், போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் டிரேட் சென்டருக்குப் போகிறவர்கள் தாண்டித்தான் போவார்கள், உள்ளே நுழைகிறவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல், வரிசை வரிசையாக ஒரே உயரக் கற்கள். முதுகு சரியான பிறகு மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் கற்களில் இருந்த வயதை மட்டும் வாசித்துக்கொண்டே நடந்தான். இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபது. ஒரு இடத்தில் நின்று, "என்னைவிட மூணு வயசுதாம்மா பெரியவன்" என்றான்.

அன்று மாலைதான் திஸ் வார் ஆஃப் மைன் ஆடத் தொடங்கினோம். போலந்தில் உருவாகி 2014-ல் வந்தது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்தது. முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களாகத்தான் ஆட வேண்டும். பகலில் உடைந்த வீட்டை ஒட்டுப்போட வேண்டும், ராத்திரி ஒருவர் வெளியே போய் எதையாவது பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். ஆயுதம் கிடையாது. அவர்கள் பொருளை எடுத்தால் தடுக்க முடியாது, அந்தப் பெரியவர் கெஞ்சத்தான் முடியும். மகன் எடுத்தான். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவனுடைய ஆள் தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறான், மற்றவர்களும் சோர்ந்துபோகிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் ஆற நாள் கணக்காகிறது. போலந்து அரசு 2020-ல் இதைப் பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நான் எட்டு போட்டேன். மகன் மார்க் போடாமல் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வலது பக்கத்துக்கு வருகிறேன். அங்கே முதல் இடம் ஒரு பழைய புத்தகத்துக்கு. அப்பா பழைய மூர் மார்க்கெட்டில், அது எரிந்துபோவதற்கு முன்னால், வாங்கி வைத்தது. கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் என்பவர் 1950-களின் கடைசியில் உருவாக்கிய 5பிஎக்ஸ் பயிற்சி. ஐந்தே பயிற்சிகள், பதினோரு நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். ஜிம் இல்லாத இடங்களில் இருக்கும் விமானப்படையினருக்காக யோசித்தது என்பதால் நம்முடைய கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கும் இடத்திலேயே செய்யலாம். பெண்களுக்குத் தனியாக 12 நிமிடம், பத்துப் பயிற்சிகள்.

அதில் எனக்குப் பிடித்தது, படிப்படியாக ஏற்றும் முறை. யாராக இருந்தாலும் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சொன்ன எண்ணிக்கையைச் சொன்ன நிமிடத்துக்குள் முடிக்க வராதவரை அடுத்த படி கிடையாது. வயதுக்கு ஏற்ற மேல் எல்லையும் உண்டு. பட்டாளத்துக்காக எழுதியவர்களுக்கு இருந்த பொறுமை, பட்டாளத்துப் பேண்ட் போட்டு வீடியோ போடுகிறவரிடம் இல்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

குறையும் இருக்கிறது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எழும் அந்தப் பழைய சிட்-அப்பை நாங்கள் பென்சிலால் அடித்துவிட்டோம். அந்த நிலையில் எழும்போது வயிற்றைவிடத் தொடைக்கு மேலே இருக்கும் தசைதான் அதிகம் இழுக்கிறது. அது கீழ் முதுகெலும்பில் போய்ப் பிடித்திருப்பதால் பாரம் அங்கேதான் இறங்கும். அமெரிக்க ராணுவமே 2022-ல் நடைமுறைக்கு வந்த உடல்தகுதித் தேர்வில் சிட்-அப் இல்லாமல் பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) வைத்துவிட்டது. நாங்களும் அதற்குப் பதில் பிளாங்க்தான். முதலில் பத்து விநாடி.

2013-ல் வந்து உலகம் முழுக்கப் பரவிய ஏழு நிமிடப் பயிற்சியையும் பார்த்தோம். பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் முப்பது விநாடி, நடுவில் பத்து விநாடி ஓய்வு. ஒரு நாற்காலியும் சுவரும் போதும் என்கிறார்கள். எங்கள் வீட்டு நாற்காலி பிளாஸ்டிக், தரை மொசைக். ஏறி இறங்கும் பயிற்சியில் நான் வலது காலை வைத்து எழுந்ததும் நாற்காலி சறுக்கி, பீரோ கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தேன். இப்போது அதை மாடிப்படியில் செய்கிறேன். கைகால் விரித்துக் குதிக்கும் பயிற்சி கீழ் வீட்டு மாமியின் கூரையில் இடி மாதிரி விழும், அதனால் ஒரு காலாகப் பக்கவாட்டில் எடுத்து வைக்கிறேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஏழேழு நாற்பத்தொன்பது. கடுமையான பயிற்சி என்றாலும் வாரத்துக்கு 75 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சுற்று போதாது. ஆறு மார்க்.

சென்னை மே மாதத்தை நினைத்து எழுதிய வழிகாட்டி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. நம் ஊரில் வியர்வை வழியும், ஆனால் காற்றிலேயே ஈரம் இருப்பதால் உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி, வெயில் வருவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவான வேகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் குறைக்க வேண்டும். இந்த ஒரு வரி எழுதியிருக்கும் வழிகாட்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மார்க் கூடுதலாகக் கொடுப்பேன்.

பர்ப்பி பற்றி மகனே தேடிக் கண்டுபிடித்தான். 1930-களில் ராயல் பர்ப்பி என்ற அமெரிக்கர் அதை ஒரு சோதனையாகத்தான் வடிவமைத்தார். நான்கே முறை. அதற்கு முன்னும் பின்னும் நாடியைப் பார்த்து, இதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கணிப்பதற்காக. "நாலும்மா! நான் நூறு பண்ணேன்" என்றான்.

இப்போது அவன் 5பிஎக்ஸின் முதல் அட்டவணையில், கீழிருந்து நான்காவது படியில் இருக்கிறான். ஒன்றரை மாதமாகிறது. தாத்தா மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஏக், தோ என்று எண்ணுகிறார். நடுவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு முதல் பீரியட் என்னடா?" என்று கேட்பார். அவன் முழுதாகப் பதில் சொன்னால்தான் அடுத்த எண்.